சுக்கிக்குக் கேட்ட மழை

மழை வேண்டும் என்று ஒரு வேண்டுதலும் மழை வேண்டாம் என்று ஒரு வேண்டுதலும் ஒரே கோயில் பூசையில் வாசிக்கப்பட்டதென்றால், அது எங்கள் குடும்பத்தில்தான் நடக்கும். வேண்டும் என்றது நான். வேண்டாம் என்றது என் கூடப்பிறந்த அண்ணன் பாக்கியராஜ். நடுவில் மாட்டிக்கொண்டவர் அந்தோணியார். பாவம், அவர்தான் என்ன செய்வார்?

அறுபத்தெட்டா, அறுபத்தொன்பதா என்று இப்போது சரியாக நினைவில்லை. அப்போது நாங்கள் மத்திகிரியில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் ஜான்பீட்டர், சென்னப்பன் என்கிற முதலாளியின் குதிரைப் பண்ணையில் ஜாக்கி. பெங்களூரில் ரேஸ் நடக்கும் மாதங்களில் அங்கே போய் ஓட்டுவார். மற்ற நாட்களில் பண்ணைக்குப் பின்னால் இருந்த ஏரிக்குள் குதிரைகளுக்கு ஓட்டம் பழக்குவார். பெயர்தான் ஏரி. அதில் தண்ணீர் நின்று நான் பார்த்தது அபூர்வம். ஆனால் அடியில் கிடந்த வண்டல் மண் ஒருநாளும் முழுசாகக் காய்ந்து போகாது. கால் வைத்தால் மெத்தென்று வாங்கிக்கொள்ளும். இன்றைக்கு அந்த ஏரிக்குள் ஒரு கம்பெனியின் மதில் நிற்கிறது, உள்ளே முழுக்க சிமெண்டுத் தரை. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்கு அது இன்னும் சுக்கி ஓடிய இடம்தான்.

சுக்கி என்பது செவலை நிறப் பெண் குதிரை. ரேஸ் புத்தகத்தில் அவளுக்கு யார் வாயிலும் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்ததால் லாயத்து ஆட்கள் சுக்கி என்றார்கள். கன்னடத்தில் நட்சத்திரம் என்று அர்த்தம். அவளுக்கு என்னைத் தெரியும். இவருக்குச் சோறு கொண்டு போனால், முதலில் என் முந்தானை முடிச்சை மோந்து பார்ப்பாள். அதில் பொட்டுக்கடலை இருக்கும். ஒருநாள் கொண்டு போக மறந்துவிட்டேன். முந்தானையைக் கடித்து இழுத்து, நல்ல சேலையைக் கிழித்தே விட்டாள் மகராசி.

அவளிடம் ஒரே ஒரு சங்கடம். மற்ற குதிரைகளின் குளம்பு டம்ளரைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். இவளுடையது சாப்பாட்டுத் தட்டு. அத்தனை அகலம், அத்தனை தட்டை. ஏரி வண்டலில் அந்தக் காலோடு அவள் பறப்பாள், கூட ஓடும் குதிரைகள் மூச்சு வாங்கும். கெட்டித் தரையில் விட்டால் அடியெடுத்து வைக்கவே யோசிப்பாள்.

"தரைன்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்காத புள்ள," என்பார் இவர். "மணலு இருக்குதே, அது காலை முழுங்கும். குதிரை பாதிப் பலத்தை காலை உருவி எடுக்கறதுக்கே செலவு பண்ணும். காஞ்ச புல்லுத்தரை, நீ ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு திருப்பி அடிக்கும். சின்னக் குளம்புக்காரிங்க அதுல ஜோராப் போவாளுங்க. இவளுக்கு அந்த அடி நேரா எலும்புல ஏறும். மழை ஊறின புல்லுத்தரை மட்டுந்தான் இவ காலை வாங்கி வெச்சு, பதனமாத் திருப்பிக் குடுக்கும்."

"என் காலைப் பத்தி ஒருநாளாவது இவ்வளவு பேசியிருக்கீங்களா?" என்று கேட்பேன்.

"நீ ரேஸ் ஓடு, பேசறேன்," என்பார். வாயைப் பாருங்கள்.

அவர் சொன்னது சும்மா இல்லை. முந்தின வருஷம் ஆடி மாதத்தில், மூன்று நாள் பெய்த மழைக்குப் பிறகு நடந்த ரேஸில் சுக்கி இரண்டாவதாக வந்தாள். ஒரு கழுத்து நீளத்தில்தான் முதலிடம் போயிற்று. அதற்குப் பிறகு பனிக்காலத்து ரேஸ் எல்லாம் காய்ந்த தரை. ஒவ்வொன்றிலும் கடைசி. முதலாளிக்கு அந்த ஆடி மாதம் மறந்து போயிற்று, கடைசியாக வந்ததெல்லாம் மட்டும் ஞாபகம் இருந்தது. மே மாதக் கடைசியில் ஒருநாள் லாயத்துக்கு வந்தவர், இவரைக் கூப்பிட்டார்.

"சாக்கப்பா பீட்டரு, சாக்கு," என்றார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் முதலில் வரும். போதும் என்று அர்த்தம். "சோம்பேறிக் குதிரைக்கு எத்தனை நாளைக்குக் கொள்ளு கொட்டறது? சூன் மாசம் ஒரே ஒரு ரேஸ். முதல் மூணுக்குள்ள வந்தா இருக்கட்டும். இல்லேன்னா கிருஷ்ணகிரி ஜட்கா ஸ்டாண்டுலருந்து ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். குடுத்துடுவேன்."

அதை இவர் வீட்டில் வந்து சொன்னார். ஜட்கா வண்டி என்றால் என்ன என்று கிருஷ்ணகிரியில் பிறந்த எனக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கும் அந்தக் குதிரைகளைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் ஆறு பேரையும் அரிசி மூட்டையையும் இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும். ஏரி மண்ணே தரையென்று நினைத்த காலைத் தாரில் கொண்டுபோய் விட்டால், ஒரு வருஷம்கூடத் தாங்க மாட்டாள். இவர் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"ரேஸ் அன்னிக்கு மழை வந்துட்டா தப்பிச்சுக்குவா," என்றார். "வேற வழி இல்ல."

மழை வேண்டும். அவ்வளவுதானே? கேட்டுவிட்டால் போயிற்று. ரேஸ், அந்தோணியார் திருவிழா முடிந்த சனிக்கிழமை. எங்கள் பிறந்த ஊர்க் கோயில் அந்தோணியாருடையது. கொடியேற்றத்துக்கு எந்த ஊரில் பிழைத்தாலும் எல்லாரும் வந்துவிடுவோம். நான் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாரிடம் போய்க் காணிக்கை கொடுத்து, "நல்ல மழை வேண்டின்னு பூசைக் கருத்து சொல்லுங்க," என்றேன். காணிக்கை கொடுத்தவர்களின் வேண்டுதலைப் பூசையில் வாசிப்பார்கள், அதற்குத்தான் கருத்து என்று பெயர். உபதேசியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

லத்தீனில் நடந்துகொண்டிருந்த பூசை தமிழுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எல்லாரும் ஒரு வார்த்தை விடாமல் காது கொடுத்துக் கேட்கிற காலம். உபதேசியார் கணீரென்று வாசித்தார்.

"பாக்கியராஜ் குடும்பத்தார், காய் இறங்கும் வரைக்கும் மழை வராமல் இருக்க வேண்டி."

நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"ஜான்பீட்டர் குடும்பத்தார், உடனே நல்ல மழை வேண்டி."

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். பூசை வைத்த சாமியார்கூட ஒரு கணம் புத்தகத்தை விட்டுத் தலையை நிமிர்த்தினார். அண்ணன் முன் வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே எரித்துவிடலாம்.

அண்ணன் மேல் தப்பில்லை. அந்த வருஷம்தான் முதல்முறையாக ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குக் காய் பறித்த குடும்பம் எங்களுடையது. பெங்களூராவும் நீலமும் இன்னும் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றோடு ஒரு மழை வந்தால் பாதிக் காய் தரையில். மீதிக் காயில் கறுப்புப் புள்ளி விழும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் எனக்குச் சுக்கியைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை.

பூசை முடிந்ததும் அண்ணன் கோயில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ அருள்செல்வி! என் காயை உதுக்கறதுக்கா காணிக்கை போட்டே? கூடப்பொறந்தவளா நீ?"

"உன் காயை யாருண்ணே நெனைச்சா? ஒரு வாயில்லா சீவனு சாவப் போவுது. ஒருநாள் மழை பெஞ்சா உன் தோப்பு ஒண்ணும் முழுவிப் போவாது."

"ஒருநாள் மழையா? நீ பாட்டுக்கு ஒருநாள்னு சொல்லிக் கேட்டியா? நல்ல மழைன்னு இல்ல கேட்டிருக்கே! குதிரைக்கு ஒரு பூசை, அதுக்கு ஒரு காணிக்கை. உன் புருசன் புத்தி உனக்கும் வந்துடுச்சு."

"என் புருசனை எதுக்கு இழுக்கறே?"

இவர் கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, வானத்தைப் பார்ப்பது போல் பாவனை செய்தார். ஆபத்து நேரத்தில் மனிதர் எப்போதும் அப்படித்தான். அன்றிலிருந்து திருவிழா முடியும் வரை அண்ணன் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் மட்டும் என்ன இளைத்தவளா?

மேகம் தினமும் வந்தது. சாயங்காலமானால் கர்நாடகப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வரும், ஓசூர் மேல் நின்று எட்டிப் பார்க்கும், பிறகு எங்கேயோ போய்விடும். தேர் இழுத்த அன்று இடி இடித்தது. தேரின் அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வானத்தை நிமிர்ந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டோம். தூறல் விழுந்தது. தேர்த் துணி நனைவதற்குள் நின்றுவிட்டது. அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது.

சனிக்கிழமை காலை வெயில் பல்லைக் காட்டியது. இவர் இரண்டு நாளைக்கு முன்பே சுக்கியோடு பெங்களூர் போய்விட்டார். நான் ஓசூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, மாங்காய் லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் அண்ணன்.

"ஏறு," என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. நானும் ஒரு வார்த்தை பேசாமல் ஏறினேன்.

அத்திப்பள்ளி தாண்டிய பிறகு மடியிலிருந்து ஒரு செந்தூரா மாம்பழத்தை எடுத்து நீட்டினார். கோபத்தோடுதான் தின்றேன். இனித்துத் தொலைத்தது. மார்க்கெட்டில் காயை இறக்கியதும் அவர் நேராக ஊர் திரும்புவார் என்று நினைத்தேன். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. அந்தக் குதிரைல அப்படி என்னதான் இருக்குதுன்னு பாக்கறேன்," என்று லாரியை நிறுத்திவிட்டு ரேஸ் மைதானத்துக்கு என்னோடு வந்தார்.

ரேஸுக்கு முன்னால் இவர் வேலி ஓரமாக எங்களிடம் வந்தார். பட்டுச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, முகம் மட்டும் வெளிறிக் கிடந்தது. பூட்ஸ் குதிகாலால் புல்லில் ஓங்கி ஒரு குத்துக் குத்திக் காட்டினார். கால் தடம்கூட விழவில்லை.

"ஓடு மாதிரி கெடக்குது," என்றார். "மத்த ஜாக்கிங்க எல்லாம் இன்னிக்குத் தரை அருமைன்னு பேசிக்கறாங்க."

"அப்ப ஓட்டாதீங்க."

"ஓட்டலைன்னா இன்னிக்கே ஜட்காக்காரன் வந்துடுவான். ஓட்டினா ஒரு வேளை..." என்றவர், அண்ணனைப் பார்த்து, "வாங்க மச்சான், காயெல்லாம் நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிசமாகவே கேட்டார். அண்ணன் வேலிக்குள் கையை விட்டு, அந்தப் புல்லை விரலால் அழுத்திப் பார்த்தார்.

குதிரைகள் கிளம்பின. ஏரிக்குள் சுக்கி ஓடினால் தொம் தொம் என்று ஒரு சத்தம் வரும், அரிசி மூட்டையைத் தட்டுவது போல. இங்கே வந்த சத்தம் வேறு. அம்மிக்கல்லில் சுத்தியலால் அடிக்கிற சத்தம். அந்த ஒவ்வொரு அடியும் அவள் எலும்பில் ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஓடினாள். வளைவில் திரும்பும்போது நான்காவதாக இருந்தாள், மூன்றாவது குதிரையின் வாலுக்குப் பக்கத்தில். கடைசி நேர் ஓட்டத்தில் எல்லா ஜாக்கிகளும் சவுக்கை ஓங்கினார்கள். இவரும் ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. சுக்கி எட்டி வைக்கும் அடி சின்னதாகிப்போனதை நானே பார்த்தேன். வலித்தால் நாம் எப்படி நடப்போமோ அப்படி. இவர் சவுக்கை இறக்கி, குனிந்து அவள் கழுத்தில் கையை வைத்தார். அவ்வளவுதான். நான்காவதாக வந்தாள்.

என் பக்கத்தில் அண்ணன் வேலியைப் பிடித்துக்கொண்டு, "அடிக்காத மாப்பிள்ளை, அடிக்காத!" என்று கத்திக்கொண்டிருந்தார். எப்போது கத்த ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியாது.

கெஞ்சிக் கூத்தாடி லாயத்துக்குள் போனோம். சுக்கியின் முன்னங்கால் குளம்பு ஓரத்தில் வெடித்து ரத்தம் கசிந்தது. அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் நின்றாள். முதலாளி இவரைப் பிடித்து உலுக்காத குறைதான்.

"சவுக்கு எதுக்கய்யா கையில? ஈ ஓட்டறதுக்கா?"

"அடிச்சிருந்தா மூணாவது வந்திருக்குமுங்க முதலாளி," என்றார் இவர். "கால் வந்திருக்காது."

"ஜட்கா இழுக்க அவ்வளவு நல்ல கால் எதுக்கு? நாளைக்கே அனுப்பறேன். நீயும் வேற எடம் பாத்துக்கோ."

இவர் குதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் துணியால் சுற்றினார். வேலை போன கவலையைவிட அந்த ஜட்கா என்ற சொல்தான் அவரைக் குத்தியது, எனக்குத் தெரியும். சுக்கி தலையை நீட்டி என் முந்தானையை மோந்து பார்த்தாள். கடலை இருந்தது. எடுத்து நீட்டினேன், வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் நான் ஓவென்று அழுதேன்.

"ஜட்காக்காரன் என்ன தர்றேன்னானோ அதையே நான் தர்றேனுங்க," என்று ஒரு குரல் கேட்டது. அண்ணன்தான். "எனக்குக் குடுத்துடுங்க."

"நீ யாரப்பா? குதிரைய வெச்சு என்ன பண்ணுவே?"

"தோப்புல கூடை சொமக்கறதுக்குங்க."

பச்சைப் பொய். தோப்பில் கூடை சுமக்க ஆள் இருந்தார்கள். அதோடு, சின்ன வயதிலிருந்தே அண்ணனுக்குக் குதிரை என்றால் பயம். ஜட்காவில் ஏறினால்கூடப் பின்பக்கம்தான் உட்காருவார். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். நொண்டிக் குதிரை எவன் கையில் போனால் என்ன என்று நினைத்திருப்பார். காலையில் காய் விற்று வந்த பணம் இடுப்பு மடிப்பில் இருந்தது. அண்ணன் அதை எடுத்துக் கொடுத்தார்.

காலி லாரியில் மாங்காய்க்கு அடியில் பரப்பிய வைக்கோல் அப்படியே கிடந்தது. அதன் மேல் சுக்கியை ஏற்றினோம். மெத்தென்று கால் பதிந்ததும் அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். சுற்றின காலையும் மெதுவாக ஊன்றினாள். இவர் அவள் கூடவே பின்னால் நின்றுகொண்டார். நானும் அண்ணனும் முன்னால் உட்கார்ந்தோம்.

ஓசூர் நெருங்கும்போது அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"மழையத் தடுத்தவன் நானு. அந்தோணியாரு எனக்குக் குடுத்துட்டாரு. என் தங்கச்சி கேட்டதை நாந்தானே குடுக்கணும்?"

அவர் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டேன். "போ புள்ள, சட்டையெல்லாம் ஈரமாவுது," என்று தள்ளிவிட்டார்.

அந்த வருஷம் காய் நன்றாகவே இறங்கியது. இவர் கொஞ்ச நாள் வேலையில்லாமல் சுற்றிவிட்டு, மத்திகிரி கால்நடைப் பண்ணையில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் பூசை முடிந்த கையோடு தோப்புக்கு ஓடிவிடுவார். குளம்பு மெல்ல மெல்ல வளர்ந்து வெடிப்பு கீழே இறங்கியது. சுக்கி தோப்பில் கட்டுத்தறி இல்லாமல் திரிந்தாள். ஒரு கூடைகூடச் சுமக்கவில்லை. அண்ணன் முதலில் பத்தடி தள்ளி நின்று புல்லைப் போட்டார், பிறகு பக்கத்தில் நின்று போட்டார், கடைசியில் அவளோடு உட்கார்ந்து பேசவே ஆரம்பித்துவிட்டார். அண்ணி என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாத மழை. உழுதுபோட்ட செம்மண் ஊறி, புட்டு மாவு மாதிரி பொதபொதத்துக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை தூறலாகக் குறைந்த நேரத்தில் இவர் தரையில் குதிகாலால் ஒரு குத்துக் குத்தினார். கால் புதைந்து, பதமாக மேலே வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை நான். சேணம்கூடப் போடாமல் சுக்கி மேல் ஏறினார்.

மாமர வரிசைகளுக்கு நடுவில் அவள் ஓடிய ஓட்டத்தை எப்படிச் சொல்வேன்! தொம் தொம் என்று அதே சத்தம், ஏரிக்குள் கேட்ட அதே சத்தம். சேறு மரத்து உச்சிவரை தெறித்தது. இவருடைய கையில் சவுக்கு இல்லை, கடிவாளத்தைக்கூடச் சும்மாதான் பிடித்திருந்தார். தோப்புக் கோடிக்குப் போய்த் திரும்பி, எங்களைத் தாண்டிப் பறந்து, மறுபடியும் திரும்பினாள். யாரும் பந்தயம் கட்டவில்லை, கைதட்டக் கூட்டம் இல்லை. கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நானும் அண்ணனும் மட்டும் நின்றோம். இப்போது எண்பதை நெருங்குகிறேன். எதையெதையோ மறந்துவிட்டேன். அந்த ஓட்டத்தை மட்டும் மறக்கவில்லை. இவரும் போய், அண்ணனும் போய், தோப்பும் மனைகளாகிப் போன பிறகும், மழை பெய்தால் அந்தச் சத்தம் என் காதில் கேட்கிறது.

அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "ஏ புள்ள," என்றார், "இதுக்குத்தான் மழை கேட்டியா?"

"ஆமாண்ணே."

"வெவரமாச் சொல்லியிருந்தா நானும் கூடச் சேந்து கேட்டிருப்பேனே! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

அடுத்த வருஷம் கொடியேற்றத்துக்கு அண்ணன் எனக்கு முன்னாலேயே போய் உபதேசியாரிடம் கருத்தைச் சொல்லிவிட்டார். பூசையில் உபதேசியார் வாசித்தது இன்னும் நினைவிருக்கிறது.

"காய் இறங்கிய பிறகு நல்ல மழை வேண்டி, பாக்கியராஜ், ஜான்பீட்டர், அருள்செல்வி, சுக்கி."

பூசை முடிந்து வெளியே வந்த சாமியார் அண்ணனை நிறுத்தி, "மத்தவங்களைத் தெரியும். சுக்கிங்கறது யாருப்பா? புதுசா இருக்குதே," என்று கேட்டார்.

அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க சாமி," என்றார்.